கம்பியில் தொங்கிய அம்மாவின் குரல்

எங்கள் லயத்தில் செல்போனை யாரும் கையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். துணி காயப்போடும் கம்பியில், பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கிளிப் குத்தித் தொங்கவிடுவார்கள். வெளியூர் ஆள் பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்.

காரணம் சிக்னல். அந்தமானில், ஹட் பே ஜெட்டியிலிருந்து உள்ளே போகப் போக ஊர்களைக் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்வோம். எங்கள் ஊருக்கும் பெயர் அப்படி ஒரு கிலோமீட்டர் எண்தான். எண்ணெய்ப்பனைத் தோட்டம் நடந்த காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வீடுகள். அரசாங்கக் காகிதத்தில் லேபர் குவார்ட்டர்ஸ் என்று இருக்கும். ஆனால் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் வரிசையாக நாலு வீட்டைப் பார்த்தால் லயம் என்றுதான் சொல்வார்கள். அதனால் அது லயம். தோட்டத்தை மூடிவிட்டார்கள். வீடுகளை விட்டு யாரும் போகவில்லை. டவர் பஜாரில் இருந்தது, நடுவில் காடும் மேடும். லயத்தில் ஒரே இடத்தில்தான் சிக்னல் வந்தது: தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில், துணிக் கம்பியின் கிழக்குக் கோடியில், நாலைந்து சட்டை காயப்போடும் அகலத்துக்கு. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது எந்த இன்ஜினியரும் இல்லை. யாரோ பையில் போன் இருப்பது தெரியாமல் சட்டையை அலசிக் காயப்போட்டிருக்கிறார்கள். அது அங்கே தொங்கிக்கொண்டு ஒரு தடவை அடித்திருக்கிறது. அதற்கப்புறம் அந்தப் போன் வேலை செய்யவில்லை. இடம் மட்டும் நிலைத்துவிட்டது.

கடலுக்கடியில் கேபிள் வராத காலம் அது. இப்போது அங்கே அடுப்படியில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார்கள். அப்போது ஒரு குரல் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம்.

சிக்கல் என்னவென்றால், கம்பியில் தொங்கிய போன்கள் எல்லாமே ஒரே போன். பஜார் கடைக்காரர் ஒருவர் மெயின்லேண்டிலிருந்து ஒரு பெட்டி பட்டன் போன் இறக்கியிருந்தார். லயமே அவரிடம் வாங்கியது. கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ட்யூனை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு போன் அடித்தால் ஆறு வீட்டுப் பெண்கள் ஓடினார்கள். முதலில் போய்ச் சேருகிறவர் எந்தப் பைக்குள் வெளிச்சம் எரிகிறது என்று பார்த்து, கடைசி வீடு, முருங்கை மர வீடு என்று சத்தம் கொடுப்பார். மற்றவர்கள் திரும்பி நடப்பார்கள். அடுத்தவர் போனை எடுத்துப் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம். பேசுகிறவர் கம்பியை விட்டு நகர முடியாது என்பதால் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். ஒருவருடைய ரகசியம் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது என்று சண்டை போட வழியே இல்லை. வேறு காரணங்கள் தேட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் கிடைத்த காரணம் கோழி. அத்தை எங்களுக்கு உறவு இல்லை. அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்தவரின் மனைவி. அவர் இறந்த பிறகு தனியாக இருந்தாள். மகனுக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை. அப்பாவை அண்ணன் என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டவள். அவளுடைய கோழிகள் ஒரு மழைக்காலம் முழுக்க அம்மாவின் மஞ்சள் பாத்தியைக் கிளறின. அம்மா கோழிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, வளர்ப்பைப் பற்றிச் சொல்லி முடித்தாள். சிலர் அடுத்தவர் போன் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரிகிறார்கள் என்று பொதுவாக ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டாள். இனி உங்கள் பை மேல் என் நிழல்கூடப் படாது என்று அத்தை சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர செய்தி நிற்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அத்தை சொல்ல வேண்டியதைத் தன் கோழிகளிடம் சொல்வாள். அம்மா பதிலைச் சட்டியிடம் சொல்வாள். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது, கப்பல் ரத்தானது எல்லாம் இந்த வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தன. நாட்டு நடப்பு அவ்வளவு தெரிந்த கோழிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சிரிக்கும்படியாகத்தான் இருந்தது, அப்பாவுக்கு நெஞ்சு கெடும் வரை. இதயத்தில் வால்வு பழுது. டேங்க் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. போர்ட் பிளேரில் பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்தார்கள். சென்னையில் ஆபரேஷன், செலவு அரசாங்கத்துடையது. ஆனால் முறை வரும்போது போர்ட் பிளேர் அலுவலகத்திலிருந்து போன் செய்வார்கள். எடுத்து, வருகிறோம் என்று சொல்ல வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த ஆள். அப்பா கொடுத்தது கம்பியில் தொங்கும் நம்பர். என் நம்பரையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம். நான் போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மரைன் ஹில்லில் வாடகை அறை, சிக்னலுக்குக் குறைவில்லை. முதல் நம்பர் எடுக்காவிட்டால் இரண்டாவதை அடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முறை வந்தது. போனும் வந்தது. பகல் நேரம், லயத்தில் முக்கால்வாசிப் பேர் ரேஷன் கடையில் நின்றார்கள். கம்பியில் போன் அடித்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை டேங்கடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டு வைத்து எட்டிப் பார்த்தால் எந்தப் பை என்று தெரிந்துவிடும். ஆனால் நிழல்கூடப் படாது என்று சொன்ன வாய். மகன் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான், அன்று ஞாயிறு இல்லை, ஆகவே நம்முடையது இல்லை என்று அத்தை பாத்திரத்தைத் தேய்த்தாள். அம்மாவுக்கோ அத்தை அங்கே நிற்பது தெரியும். அவளுடையதாக இருந்தால் எடுப்பாள், நம்முடையதாக இருந்தால் கோழிகளிடமாவது சொல்வாள் என்று அம்மா இருந்துவிட்டாள். கோழிகள் அப்போது அங்கே இல்லை. போன் அடித்து ஓய்ந்தது. அப்பாவின் இடத்தில் வேறு யாரோ சென்னைக்குப் போனார்கள். அப்பாவின் பெயர் அடுத்த முறைக்காக மறுபடி வரிசையில் நின்றது.

செய்தி தெரிந்ததும் யார் மேல் கோபப்படுவது என்று புரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன். லீவு போட்டுக் கப்பல் ஏறினேன். பையில் என் பழைய லேப்டாப். அதில் ஒலியை வெட்டி ஒட்டும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. மெயின்லேண்ட் போய் வந்த தோழி பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தது. எங்கள் ஊர் இன்டர்நெட்டில் அதை இறக்கப் பார்த்தால் லீவு முடிந்துவிடும். அலுவலகத்தில் ஆளாளுக்குப் பிடித்த பாட்டில் பிடித்த இடத்தை வெட்டி ரிங்டோன் செய்து கொடுத்துக் கை பழகியிருந்தது. அந்தக் கைத்திறமையால் ஒரு உயிருக்கு உபயோகம் வரும் என்று அப்போது நினைத்ததில்லை.

திட்டம் இதுதான். எங்கள் போன் அடித்தால் அது எங்கள் போன் என்று லயத்துக்கே தெரிய வேண்டும். அம்மா ஒரு பக்திப் பாட்டு போடலாம் என்றாள். பாட்டுப் போட்டால் எங்கேயோ ரேடியோ பாடுகிறது என்று எல்லாரும் சும்மா இருந்துவிடுவார்கள் என்றேன். அதனால் முதலில் அப்பாவின் குரலைப் பதிவு செய்தேன். இது நம்ம போன் என்று நிதானமாக, கனமாகச் சொன்னார். திரையில் அலை நன்றாகத்தான் எழும்பியது. போனில் ஏற்றி அடித்துப் பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. பட்டன் போனின் ஸ்பீக்கர் சட்டைப் பொத்தான் அளவு. கனத்த குரல் அதில் ஏறாது; கூர்மையான சத்தம் மட்டும்தான் வெளியே வரும். அப்பா இதற்கு வருத்தப்படவில்லை. இந்த வீட்டில் என் சத்தம் வெளியே வராதது இன்றைக்கா புதிது என்றார்.

அம்மாவின் குரல் தகரத்தைத் துளைக்கும். ஏங்க, போன் வருது, சீக்கிரம் வாங்க என்று எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே சொல்லச் சொன்னேன். லேப்டாப்பைப் பார்த்ததும் அம்மா வானொலி அறிவிப்பாளராகிவிட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகக் கழுவி எடுத்துவைத்த மாதிரி சொன்னாள். எத்தனை தடவை சொன்னாலும் அதே மரியாதை. கடைசியில் பதிவை ஓடவிட்டுவிட்டு, கோழி பாத்தியில் இறங்கிவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். அம்மா எழுந்து வாசலுக்குப் போய்க் கத்தினாள். அந்த உஷ்ணம் ஆறுவதற்குள் இப்போது அப்பாவைக் கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள். திரையில் அலை மேலும் கீழும் விளிம்பைத் தொட்டது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த மென்பொருளில் இரைச்சலை நீக்க ஒரு வழி உண்டு. முதலில் யாரும் பேசாத ஒரு துண்டைப் பதிவு செய்து காட்ட வேண்டும். இந்த இடத்தின் அமைதி இப்படித்தான் இருக்கும் என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு பேச்சிலிருந்து அதைக் கழித்துவிடும். எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். தூரத்தில் கடல் இரைந்தது. கூரையில் ஏதோ காய் உருண்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமினாள். இதற்கெல்லாம் மேலாக அப்பா மூச்சு விடுவது கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது அவ்வளவு சத்தமாக எனக்குக் கேட்டதில்லை. அதை இரைச்சல் என்று காட்டிக்கொடுக்கக் கை வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அது இல்லாத அமைதி கிடைக்கவும் இல்லை. அதையே காட்டினேன்.

கழித்த பிறகு கேட்டேன், அம்மாவின் குரல் மட்டும் தனியாக நின்றது. கொஞ்சம் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது, பரவாயில்லை. அம்மா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். அவள் இருமல் போய்விட்டதா என்று விசாரித்தாள். போய்விட்டது என்றேன். திருப்தியாகத் தலையாட்டினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா கையை நீட்டி லேப்டாப்பைக் காட்டினார்.

"என் நெஞ்சுல ஏதோ சத்தம் வருதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. அதையும் இதுல எடுத்துவிட முடியுமா புள்ள?"

இதில் முடியாது, சென்னையில் முடியும் என்றேன். அப்படியானால் போனை எடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் டேங்கடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தேன்.

ரிங்டோனைச் சோதிப்பதிலும் ஒரு சிரமம் இருந்தது. சிக்னல் இருக்கிற ஒரே இடம் கம்பி. ஆகவே கம்பியடியில் நின்று என் போனிலிருந்து, பக்கத்தில் ஒரு முழம் தள்ளித் தொங்கும் அம்மாவின் போனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். ஏங்க, போன் வருது, சீக்கிரம் வாங்க என்று பை கத்தியது. வீட்டுக்குள்ளிருந்து அப்பா, வர்றேன் என்றார். அம்மாவும் வீட்டுக்குள்ளேதான் இருந்தாள்.

அன்று சாயங்காலமே லயத்துப் பெண்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் தனித்தனி சத்தம் வேண்டும். முருங்கை மர வீட்டுக்குக் குக்கர் விசில் வைத்துக் கொடுத்தேன். அது அடித்ததும் நாலு வீட்டில் அடுப்பை அணைத்தார்கள்; அதை மாற்றச் சொல்லி மற்ற வீடுகள் வந்து நின்றன. கடைசி வீட்டுக்காரிக்குத் தன் மாமியாரின் தும்மல்தான் வேண்டும் என்று பிடிவாதம், மாமியாருக்கும் அதில் பெருமை. அப்புறம் யாருடையது சத்தம் அதிகம் என்று போட்டி வந்தது. கூட்டு, இன்னும் கூட்டு என்றார்கள். ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரவென்று ஆகிவிடும் என்று விளக்கினேன். கரகரவென்று இருந்தாலும் பரவாயில்லை, அவள் வீட்டைவிடக் கேட்க வேண்டும் என்றார்கள். இதற்கிடையில் கடல் சரியில்லாமல் கப்பல் நின்றுபோனது. நானும் ஹட் பேயில் மாட்டிக்கொண்டேன். தினமும் ரிங்டோன் வெட்டினேன்.

அத்தை மட்டும் வரவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோழிகளுக்கு ஒரு தகவல் போனது. ஊருக்கெல்லாம் செய்கிற பிள்ளை நமக்குச் செய்யுமா, நமக்கு யார் இருக்கிறார்கள் என்று. அம்மா சட்டியை நங்கென்று வைத்தாள். அது வேண்டாம் என்பதற்கு அர்த்தம். அம்மா குளிக்கப் போனதும் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். என்ன சத்தம் வேண்டும் என்று கேட்டேன். அத்தைக்கு வேறு சத்தம் எதுவும் தெரியவில்லை. கோழிக்குத் தீனி போடக் கூப்பிடுகிற மாதிரி பா பா பா என்று கூப்பிட்டாள். அதையே வைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேவ்லாக்கிலிருந்து மகன் கூப்பிட்டபோது அத்தனை கோழிகளும் கம்பியடிக்கு ஓடி வந்து நின்றன. மகனோடு பேசி முடிக்கும் வரை அத்தை ஒரு கையால் அரிசி வீசிக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

பிறகு ஒரு காலையில் அப்பாவால் மூச்சு விட முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஜீப் கிடைத்தது. நானும் அம்மாவுமாக அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பஜாரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அப்பா கண்ணைத் திறந்த பிறகுதான் அம்மா என்னைப் பார்த்தாள். போன் எங்கே என்று கேட்டாள். இரண்டு போனும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன.

இத்தனை நாள் காவல் காத்துவிட்டு, காவலுக்கு ஆள் இல்லாத ஒரே காலையில் அது வராது என்று அம்மாவிடம் சொன்னேன். நானே அதை நம்பவில்லை. ஆட்டோ பிடித்து ஓடலாம் என்று எழுந்து வாசலுக்கு வந்தபோது, பஸ்ஸிலிருந்து அத்தை இறங்கினாள். வீட்டுச் சேலை, காலில் செருப்பு இல்லை. முந்தானையில் எதையோ முடிந்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைத் தாண்டி நேராக வார்டுக்குள் போய், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவின் எதிரில் நின்றாள். முடிச்சை அவிழ்த்து எங்கள் போனைக் கட்டிலில் வைத்தாள்.

"கூப்பிட்டாங்க மதினி. நான் எடுத்துட்டேன். சனிக்கிழமை கப்பலுக்கு வரச் சொல்றாங்க. வர்றோம்னு சொல்லிட்டேன்."

அம்மா கண்ணால் தேடினாள். சுற்றுமுற்றும் ஒரு சட்டிகூட இல்லை. நேராகத்தான் பேச வேண்டியிருந்தது. நீ ஏன் எடுத்தாய் என்று கேட்டாள். கேட்க நினைத்தது அதுவாக இருந்திருக்காது, வாயில் அதுதான் வந்தது.

"எடுக்காம என்னா செய்யிறது? ஆளில்லாத வீட்டைப் பாத்து நீங்க மட்டும் கத்திக்கிட்டே இருக்கீங்க. நின்னு நின்னு திரும்பவும் கத்துறீங்க. எனக்குப் பொறுக்கல மதினி."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. யார் பேசுகிறது, கர்வாலியா என்று அந்த ஆள் இந்தியில் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பொம்பளை என்றால் வைத்துவிடுவானே என்று பயந்து, ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். இந்தியில் கர்வாலி என்றால் மனைவி. அந்தமானில் அது தெரியாதவர் கிடையாது, அம்மா உள்பட. அதோடு போகவில்லை. துணைக்கு வருகிறவர் பெயர் என்ன என்று அடுத்ததாகக் கேட்டிருக்கிறான். பதற்றத்தில் அத்தையின் வாயில் அத்தையின் பெயரே வந்துவிட்டது. அவன் எழுதிக்கொண்டு வைத்துவிட்டான்.

அண்ணன் அண்ணன் என்று இத்தனை வருஷம் கூப்பிட்ட மனிதருக்கு அத்தை அரசாங்கப் பதிவில் மனைவியாகிவிட்டாள். முதலில் சிரித்தது அப்பாதான். ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, நர்ஸ் ஓடி வந்து மூன்று பேரையும் வெளியே துரத்தினாள்.

அலுவலகங்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்று அப்போது ஒரு நினைப்பு. போனில் பெயர் மாற்றச் சொன்னால் பைல் திரும்பிப் போகும், பைல் திரும்பினால் முறை போகும், எதையும் தொடாமல் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று தீர்ப்புச் சொன்னேன். அதன்படி சனிக்கிழமை கப்பலில் அப்பா நோயாளியாகவும், அத்தை அவருடைய துணையாகவும், அம்மாவும் நானும் சாதாரணப் பயணிகளாகவும் ஏறினோம். கோழிகளை முருங்கை மர வீடு பார்த்துக்கொண்டது. கப்பல் ஹட் பேயை விட்டு வெளியே வந்ததும் அத்தைக்குத் தலை சுற்றி வாந்தி ஆரம்பித்தது. அப்பா தன் பர்த்தில் சௌகரியமாகப் படுத்திருந்தார். அம்மா வழி நெடுக அத்தையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்தான் பேஷண்டா என்று கப்பல் ஊழியர் ஒருவர் கேட்டார். இல்லை, இவள் துணைக்கு வந்தவள் என்றாள் அம்மா.

போர்ட் பிளேரில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, போன் செய்த அலுவலகத்துக்குப் போனேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை தன் இந்தியில், நான் மனைவி இல்லை, பக்கத்து வீடு, இவள்தான் மனைவி, போன் கத்தியதால் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்து, இன்னொரு பெயரை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அத்தை திரும்பிப் போகும் கப்பல் வரும் வரை மரைன் ஹில்லில் என் அறையில் எல்லாரும் இருந்தோம். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நேருக்கு நேர். எப்படி நீ அவரைப் புருஷன் என்று சொல்லலாம் என்று அம்மா ஆரம்பிப்பாள். நான் புருஷன் என்று எங்கே சொன்னேன், அவன் கேட்டதற்கு ஆமாம் என்றேன் என்பாள் அத்தை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அத்தை கிளம்பும்போது அம்மா தன் போனை அவளிடம் கொடுத்தாள். சென்னையில் எனக்கு எதற்கு, கம்பியில் மாட்டிவை, வந்தால் எடு என்றாள். எந்த நிழல், எந்தப் பை என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நானும் லீவை நீட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஆபரேஷன் அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த வராந்தாவில் எங்கே பார்த்தாலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. விதவிதமான பாட்டுகள். அம்மா ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டாள். நான் என் வேலைப் புத்தியில் இதை யாரோ சரியாக வெட்டவில்லை, பாட்டின் நடுவில் ஆரம்பிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் யோசிக்கப் பயமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கி, நல்லபடியாக முடிந்தது, வால்வு வேலை செய்கிறது என்றார். அம்மா அவரைக் கும்பிட்டாள். பிறகு என்னிடம் கையை நீட்டிப் போனைக் கேட்டாள். அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றுதான், அவளுடையது. அதை அவளே அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

எங்கள் பக்கம் ட்ர்ர் ட்ர்ர் என்று மட்டும்தான் கேட்டது. கூப்பிடுகிறவருக்கு ரிங்டோன் கேட்காது. ஆனால் எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் டேங்குக்குப் பக்கத்தில், கம்பியின் கிழக்குக் கோடியில், ஏங்க, போன் வருது, சீக்கிரம் வாங்க என்று அம்மா லயம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கிறாள். நான் கழித்து எடுத்த அப்பாவின் மூச்சு மட்டும் அதில் இல்லை. இங்கே என் பக்கத்தில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ எடுத்தார்கள். ஓடி வந்த மூச்சிரைப்பு கேட்டது.

"கத்தாதீங்க மதினி, வந்துட்டேன்ல. சொல்லுங்க, அண்ணன் எப்படி?"

அம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவ்வளவு பெரிய குரல், ஒரு துளிகூட வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. நான் போனை வாங்கி, நல்லா இருக்காரு அத்தை, சரியாயிடுச்சு என்றேன்.

கம்பியடியில் காற்றடிப்பது கேட்டது. பிறகு போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தை சொல்வது கேட்டது. எங்களிடம் இல்லை, கோழிகளிடம்.

"பொழைச்சுட்டாரு. அண்ணன் பொழைச்சுட்டாரு."